கரம்பை போட்ட ரோடு

எங்கள் ஊருக்கு ரோடு போட்டதாக அரசாங்கம் சொல்கிறது. போடவில்லை என்று நான் சொல்கிறேன். இவ்வளவு காலம் ஆகியும் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. அவர்களிடம் காகிதம் இருக்கிறது. என்னிடம் அந்த ரோட்டில் நடந்த காலும், அதற்கு மண் சுமந்த தலையும் இருக்கின்றன. எது பெரியது என்று கேட்டால் காகிதம்தான் என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும். நான் இதை எழுத உட்கார்ந்ததே அந்தக் கோபத்தில்தான்.

ஊர்ப் பெயர் வேண்டாம். தேனியிலிருந்து கம்பம் போகிற மெயின் ரோட்டை விட்டு, சின்னமனூர்ப் பக்கத்தில் உள்ளே இறங்க வேண்டும். வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவே வந்து, கண்மாய்க் கரையில் ஏறி, ஓர் ஓடையைத் தாண்டினால் எங்கள் ஊர். எங்களுக்கும் வெற்றிலை விவசாயம்தான். பறித்து, அடுக்கி, வாழைச் சருகில் கட்டிச் சின்னமனூருக்கு அனுப்புவோம். நான் படித்த பள்ளிக்கூடமும் அங்கேதான் இருந்தது.

முன்பெல்லாம் ஒரு தனியார் முதலாளியின் பஸ் வந்து போய்க்கொண்டிருந்தது. கோழி, ஆடு, வெற்றிலைக் கட்டு, மனுஷர் எல்லாவற்றையும் ஒன்றாக அடைத்துக்கொண்டு போகும். பிறகு பஸ்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. பெயின்ட் வாசனை போகாத பஸ் ஒன்று ஊருக்குள் வந்த அன்று நாங்கள் அதற்கு மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்தோம். இனிமேல் இது நம்ம பஸ் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். நானும் நம்பினேன். அந்த பஸ்ஸில்தான் ஒவ்வொரு வகுப்பாக ஏறிப் பதினோராம் வகுப்புக்கு வந்தேன். அப்போது பள்ளிக்கூடத்தில் அதுதான் கடைசி வகுப்பு. அதை முடித்துவிட்டால் டீச்சர் வேலைக்குப் படிக்கப் போகலாம் என்று எனக்குள் ஒரு கணக்கு இருந்தது.

அந்த வருஷம் ஆனிச் சாரலில் ஓடைக்குள் இறங்கிய பஸ்ஸின் ஸ்பிரிங் பட்டை முறிந்துபோனது. பஸ்ஸை இழுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. எங்கள் பஞ்சாயத்து பிரசிடெண்ட் பஸ் ஆபீசுக்குப் போய்க் கேட்டார். ரோடு குண்டும் குழியுமாக இருக்கிறது, ரோட்டைச் சரிசெய்தால் பஸ் விடுகிறோம் என்றார்கள். நியாயமான பேச்சுதான். அதனால் ரோட்டு ஆபீசுக்குப் போய்க் கேட்டார். எஞ்சினியர் வந்து பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும் என்றார்கள். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது.

இதில் ஊருக்கெல்லாம் கஷ்டம் என்றாலும், என் கஷ்டம் வேறு. பையன்கள் சைக்கிளில் போய்விட்டார்கள். பெண்பிள்ளைகள் நாங்கள் நாலு பேர். கண்மாய்க் கரையில் வயசுப் பிள்ளைகள் தனியாக நடந்து போவதை ஊர் ஒத்துக்கொள்ளாது. வெற்றிலை வண்டி போகிற அன்றைக்கு மட்டும் கட்டுகளுக்கு மேலே உட்கார்ந்து போனேன். மற்ற நாளெல்லாம் வீடு. ஆஜர் குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டேன் என்று ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டார். இதற்கிடையே தேவதானப்பட்டியில் பலசரக்குக் கடை வைத்திருந்த மாமன் மகனுக்கு என்னைக் கேட்டு ஆள் வந்துகொண்டிருந்தது. அப்பா என்னைப் படிக்கவைக்க ஆசைப்பட்டவர்தான். ஆனாலும், "பஸ்ஸு வந்தா பள்ளிக்கூடம். வரலைன்னா தையில கல்யாணம்" என்று முடிவாகச் சொல்லிவிட்டார். என் தலையெழுத்து ஒரு பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்தது என்று சொன்னால் அதில் மிகை எதுவும் கிடையாது.

இனி எங்கள் ஊரின் கிறுக்குத்தனத்தைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரில் பங்குனியில் அம்மன் சப்பரம் வரும். சப்பரம் வருகிற பாதையை ஊரில் உள்ள தலைக்கட்டுகளுக்கெல்லாம் பாகம் பிரித்துவிடுவார்கள். அவரவர் பாகத்தில் உள்ள குழியை அவரவர் மண் போட்டு மூடி, திமிசுக் கட்டையால் அடித்து, தண்ணீர் தெளித்து வைக்க வேண்டும். ஓடையில் சப்பரம் குலுங்காமல் இருக்கத் தென்னந்தடிகளைக் குறுக்கே அடுக்கி, மேலே மண் போடுவார்கள். யார் பாகத்தில் சப்பரம் ஆடிவிட்டாலும் அந்த வீட்டுக்குத் தலைகுனிவு. அடுத்த பங்குனி வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

எஞ்சினியர் வருகிறார் என்று தகவல் வந்ததும் பிரசிடெண்ட் ஊரைக் கூட்டினார்.

"பெரிய படிப்புப் படிச்ச ஆபீசரு நம்ம ஊருக்கு வாராக. அவுக ஜீப்பு ஆடுச்சுன்னா ஊருக்குத்தான கேவலம்? அவுகவுக பாகத்த அவுகவுக சரி பண்ணிப்புடுங்க."

ஒருத்தராவது எழுந்து, "அட, குழியைப் பார்க்கத்தானே அவர் வருகிறார்?" என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கிழிந்த பாயை மறைத்து நல்ல பாயை விரிக்கிற புத்தி எங்களுக்கு. சாமிக்குச் செய்வதை அதிகாரிக்கும் செய்தோம்.

அந்தச் சமயத்தில் கொடிக்காலுக்குப் போடுவதற்காகக் கண்மாயில் வெட்டிய கரம்பை மண் கரையில் குவிந்து கிடந்தது. கரம்பை என்பது கண்மாய் அடியில் படிகிற கறுத்த வண்டல். வெற்றிலைக் கொடிக்கு அதைவிட நல்ல சாப்பாடு கிடையாது. அதை அள்ளி ரோட்டில் கொட்டினோம். எங்கள் பாகத்துக்கு அம்மா வெட்டிக் கொடுக்க, நான் சுமந்தேன். பள்ளிக்கூடம் போக முடியாத பிள்ளைக்கு வேறு என்ன வேலை? ஊர்க்கோடியில் ஓர் அத்தை இருந்தாள். புருஷன் இல்லாதவள், வாய் கொஞ்சம் நீளம். மாட்டுக்கொட்டகை போடுவதற்கு வைத்திருந்த தென்னந்தடிகளை அவள் ஓடைக்குத் தூக்கிக் கொடுத்தாள். தண்ணீர் தெளித்து அடித்துவிட்டுப் பார்த்தபோது ரோடு கருகருவென்று அத்தனை அழகாக இருந்தது. எங்களுக்கே கண் பட்டுவிடும் போலிருந்தது.

ஜீப் குலுங்காமல் வந்து நின்றது. மாலை போட்டோம். இளநீர் வெட்டினோம். பிரசிடெண்ட் வீட்டில் நாட்டுக்கோழிக் குழம்பு. எஞ்சினியர் கை கழுவிவிட்டு வந்து, "ரோடு அருமையா இருக்கே!" என்றார். எங்கள் முகத்தில் எல்லாம் பல் தெரிந்தது. அப்பாவுக்குத்தான் அப்போது உறைத்திருக்க வேண்டும்.

"சார், இதெல்லாம் மேலாக்கப் போட்ட மண்ணுங்க. அடியில பூராம் குழிங்க சார்" என்றார்.

"அடியில இருக்கிறத யாருய்யா பாக்குறா?" என்று எஞ்சினியர் சிரித்தார். அவர் சிரித்ததால் நாங்களும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

ஆவணி போயிற்று. ரோடு போட ஒரு கல்லுகூட வரவில்லை. பிரசிடெண்டும் அப்பாவும் ரோட்டு ஆபீசுக்குக் கிளம்பினார்கள். அன்றைக்கு நானும் வண்டியில் பள்ளிக்கூடம் போயிருந்தேன், விட்டதும் ஆபீஸ் வாசலில் அப்பாவோடு சேர்ந்துகொண்டு உள்ளே போனேன். எஞ்சினியருக்கு எங்களை நன்றாக ஞாபகம் இருந்தது. உட்காரச் சொன்னார். டீ வாங்கி வரச் சொன்னார். பிறகு சாவகாசமாக விஷயத்தைச் சொன்னார்.

"உங்க ரோடு போன வருஷமே போட்டாச்சுய்யா. சரளை அடிச்சு, ஓடையில குழாய் பதிச்சு, செலவெல்லாம் எழுதி முடிச்சாச்சு. நானே நேர்ல வந்து பாத்து, ரோடு நல்ல நிலையில இருக்குன்னு எழுதிட்டேன். ஒரே ரோட்டுக்கு ரெண்டு தடவ யாரு பணம் குடுப்பா?"

பிரசிடெண்ட் டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். அப்பா தரையைப் பார்த்தார். போன வருஷம் எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு சரளை லாரி வந்ததில்லை. ரோட்டுக்கு என்று ஒதுக்கிய பணம் எங்கள் ஓடையைத் தாண்டாமல் எங்கேயோ இறங்கிக்கொண்டது. அந்தத் திருட்டுக்குச் சாட்சி வேண்டியிருந்தது. மாலையும் இளநீரும் கோழிக்குழம்புமாக நாங்களே போய் அந்தச் சாட்சியைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம்.

"குழாய் எங்கன சார் இருக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

எஞ்சினியர் அப்போதுதான் என்னைப் பார்த்தார். "எத்தனாவது படிக்கிற?"

"பதினொண்ணு."

"அப்ப படிக்கிற வேலையப் பாரு."

"பஸ் இல்ல சார்" என்றேன்.

அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

பிரசிடெண்ட் விடவில்லை. ரோடு நல்லா இருக்கிறது என்று ரோட்டு ஆபீசே சொல்கிறதே, அப்படியானால் பஸ்ஸை விடுங்கள் என்று பஸ் ஆபீசில் போய் மல்லுக்கு நின்றார். அங்கே இருந்தவர், "காகிதத்துல ரோடு இருந்தா காகிதத்துலதான் பஸ் ஓடும்" என்றாராம். இரண்டு ஆபீசும் ஒரே அரசாங்கம். ஒரே கோபுரம் போட்ட சீல். ஒருத்தர் ரோடு இருக்கிறது என்கிறார், இன்னொருத்தர் இல்லை என்கிறார். இருவரும் சம்பளம் வாங்குகிறார்கள். நடுவில் நான் வெற்றிலைக் கட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறேன்.

கடைசியில் மதுரைக்கு எழுதிப் போட்டார்கள். அப்போது நாங்கள் மதுரை ஜில்லாதான். யார் செய்த புண்ணியமோ, ஒரு பெரிய ஆபீசர் நேரில் வந்து பார்ப்பார் என்று பதில் வந்தது. அது எஞ்சினியருக்கும் போயிருக்கிறது. ஆபீசர் வருவதற்கு முந்தின நாள் எஞ்சினியரின் ஆள் ஒருவன் வந்தான்.

"போன தடவ மாதிரியே ரோட்ட வச்சுருங்க. பெரியவரு சந்தோசமா திரும்பிப் போனாருன்னா பஸ்ஸு தன்னால வரும்னு சார் சொன்னாக."

ஆம்பிளைகள் கூடிப் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஒரு தடவை செய்தது செய்துவிட்டோம், இன்னொரு தடவை தண்ணீர் தெளித்தால் பஸ் வருகிறது, நமக்கு பஸ்தானே முக்கியம் என்று பேசினார்கள். அப்பா வீட்டுக்கு வந்து அதைச் சொன்னார். அம்மா அடுப்பு முன்னால் இருந்தாள். அவள் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. சத்தம் போட்டுப் பேசுகிறவளும் இல்லை. அன்றைக்குப் பேசினாள்.

"இந்தாருங்க, அந்த மண்ணு நம்ம மண்ணு. எங்கொடிக்காலுக்குப் போட வேண்டியதத் தூக்கி ரோட்டுல போட்டோம். அத அவுக போட்டதா எழுதிக்கிட்டாக. இன்னும் தண்ணி வேற தெளிக்கணுமா? விடியட்டும். எம் மண்ண நான் அள்ளிட்டு வந்துருவேன்."

"கேசு போட்டுருவாக."

"போடட்டும். எவன் மண்ணுன்னு கேசுல எழுதட்டும்."

விடிந்ததும் அம்மா மண்வெட்டியோடு கிளம்பினாள். நான் கூடையோடு பின்னால் போனேன். எங்கள் பாகத்தில் முதல் வெட்டு விழுந்த சத்தத்துக்கு அடுத்த பாகத்துக்காரி வந்தாள். அப்புறம் அதற்கடுத்தவள். சப்பரத்துக்குச் செய்வது போலவே அவரவர் பாகத்தை அவரவர் வெட்டினார்கள். ஊர்க்கோடி அத்தை ஓடையில் இறங்கி, மண்ணைத் தள்ளிவிட்டு, தன் தென்னந்தடியைப் புரட்டிக் கரையேற்றிக்கொண்டிருந்தாள். ஆம்பிளைகள் கொடிக்காலுக்குள் ஏதோ வேலை இருப்பது போல நின்றார்கள். கரம்பைக்குக் கீழே பழைய குழிகள் ஒவ்வொன்றாக வாயைத் திறந்தன. எனக்கு அத்தனை சந்தோஷம். வேலை செய்து அவ்வளவு சந்தோஷப்பட்டது என் வாழ்க்கையில் அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

பெரிய ஆபீசர் வருவதற்குள் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க எஞ்சினியர் முன்கூட்டியே வந்துவிட்டார். கூட ஒரு போலீஸ்காரர். எஞ்சினியர் ஜீப்பைக் கரையிலேயே நிறுத்திவிட்டு ஓடிவந்தார்.

"நிறுத்துங்க! இது அரசாங்கச் சொத்து! எல்லாரையும் உள்ள தள்ளிருவேன்!"

அத்தை தென்னந்தடியின் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "இந்தத் தடி எங்க வீட்டுக் கொல்லையில காத்துல சாஞ்சது சார். இதுவும் அரசாங்கச் சொத்தா? நான் கொட்டகை போட்டா அதுக்கும் உங்க ஆபீசுல கணக்கு எழுதிருவீகளா?"

பெண்களெல்லாம் சிரித்துவிட்டார்கள். எஞ்சினியருக்கு முகம் சிவந்தது. போலீஸ்காரர் எங்களை ஓட்டிக்கொண்டு போய்ப் பஞ்சாயத்து போர்டு கட்டடத்தில் உட்காரவைத்தார். அப்பாவும் மற்ற ஆம்பிளைகளும் வாசலில் வந்து நின்றார்கள்.

அங்கே போனதும் எஞ்சினியர் குரலை மாற்றிக்கொண்டார். தன்மையாகப் பேசினார். ஒரு தாளில் எழுதி வாசித்துக் காட்டினார். துறையால் போடப்பட்ட ரோட்டை விவரம் தெரியாமல் வெட்டிவிட்டோம், மன்னித்துக்கொள்ளவும் என்று இருந்தது.

"இதுல ஆளுக்கொரு கையெழுத்து. கேசு கிடையாது. திங்கக்கிழமை பஸ் வரும். டிப்போவுல நானே பேசிருக்கேன்." பிறகு என்னைப் பார்த்து, "பாப்பா பள்ளிக்கூடம் போகணும்ல?" என்றார்.

ஆள் கெட்டிக்காரர். எந்த இடத்தில் கை வைத்தால் வலிக்கும் என்று தெரிந்துவைத்திருந்தார். திங்கட்கிழமை பஸ். ஆஜர். பரீட்சை. தையில் கல்யாணம் இல்லை. எல்லாம் ஒரு கையெழுத்து தூரத்தில் இருந்தது. எனக்கு அந்த பஸ் வேண்டும். அழுகை வருகிற அளவுக்கு வேண்டும்.

அப்பா உள்ளே வந்து அம்மாவின் பக்கத்தில் குனிந்தார். "வச்சுரு. ஒரு கைநாட்டுத்தான. புள்ள படிப்புக்காகவாவது வச்சுரு."

எஞ்சினியர் மை டப்பாவைத் திறந்து அம்மா முன்னால் நகர்த்தினார். அம்மா பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் அதை இறுக்கி மூடிக்கொண்டாள். அந்த முஷ்டியை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

"எம் மகளுக்கு பஸ்ஸு வேணும். யாரு இல்லைன்னா? ஆனா நான் இதுல கைநாட்டு வச்சா, நான் வெட்டி எம் மக சுமந்த மண்ணு இவரு போட்டதுன்னு ஆயிரும். அப்படி ஒரு பஸ்ஸுல ஏறிப் போயி இவ என்னத்தப் படிக்கப் போறா?"

அத்தையும் தன் கையைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். எஞ்சினியர் தாளை என் பக்கம் திருப்பினார்.

"நீ படிச்ச பிள்ளை. உனக்கு விவரம் தெரியும். உங்கம்மாவுக்கும் சேத்து நீ போடு."

பேனாவை வாங்கினேன். அவர் எழுதியிருந்ததற்குக் கீழே, "மேலே சொன்னது பொய். மண் நாங்கள் போட்டது. ஓடையில் குழாய் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் வாசித்துவிட்டுத் தாளைக் கிழித்தார். எழுதினது எழுதினதுதான். அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் அவர் கிழித்ததைப் பார்த்தார்கள். அப்பாவும் பார்த்தார். வெளியே போய் நின்றுகொண்டார்.

அப்போது ஓடைப் பக்கம் ஜீப் உறுமுகிற சத்தம் கேட்டது. பெரிய ஆபீசர் வந்துவிட்டார். எல்லோரும் ஓடினோம். போலீஸ்காரரும் எங்களை மறந்துவிட்டு ஓடினார். மதுரை ஜீப் ஓடைக்குள் இறங்கி, முன்சக்கரம் குழியில் மாட்டி, பின்சக்கரம் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "எல்லாரும் கொஞ்சம் கை குடுங்கம்மா, தள்ளுங்க" என்றார்.

பிரசிடெண்ட் வேட்டியை மடித்துக் கட்டினார். அம்மா அவருக்கு முன்னால் போய் நின்றாள்.

"இதுக்கு அடியில குழாய் இருக்காம் சார். போன வருஷமே பதிச்சுட்டாகளாம். நீங்க கொஞ்சம் எறங்கிப் பாத்துச் சொல்லுங்க. பெறகு நாங்க தள்ளுறோம்."

பெரிய ஆபீசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு ஷூவைக் கழற்றிவிட்டு இறங்கினார். அதற்காக அவரை மதிக்கிறேன். கணுக்கால் சேற்றில் நின்றுகொண்டு, டிரைவரிடம் ஒரு கம்பியை வாங்கி அங்கங்கே குத்திப் பார்த்தார். கம்பி எதிலும் தட்டவில்லை. எங்கள் கரம்பை மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தது.

"குழாய் எங்கேய்யா?" என்று எஞ்சினியரைக் கேட்டார்.

"வெள்ளத்துல அடிச்சுட்டுப் போயிருக்கும் சார்."

"மழையே இன்னும் பேயல" என்றாள் அத்தை. "குழாயி போனது இருக்கட்டும். அத அடிச்சுட்டுப் போன வெள்ளம் எங்கன இருந்து சார் வந்துச்சு?"

ஆபீசர் எதையோ குறித்துக்கொண்டார். அன்றைக்கு அவர் மாலையும் வாங்கவில்லை, சாப்பிடவும் இல்லை. ஊர்வரைக்கும் ரோட்டில் நடந்தே வந்து பார்த்தார். விசாரிக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கிளம்பும்போது, தான் சொன்னபடியே அம்மா முதல் ஆளாக ஜீப்பைத் தள்ளிவிட்டாள்.

இதோடு தர்மம் ஜெயித்தது என்று எழுதி முடிக்க எனக்கும் ஆசைதான். நடந்தது வேறு. எஞ்சினியரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அந்த ஊரிலும் ரோடுகள் இருந்திருக்கும். ரோட்டை வெட்டியதாக எங்கள் பெண்கள் மேல் போட்ட கேசுக்கு அவர்கள் பல தடவை கோர்ட்டுக்கு நடந்தார்கள். ரோட்டைப் போட்டது தங்கள் ஆபீசுதான் என்று சாட்சி சொல்ல ஆபீசிலிருந்து ஒருத்தரும் வரவில்லை. கேசு தள்ளுபடி ஆனது. ரோட்டுக்கான செலவு என்ன ஆனது என்று நான் டீச்சராகி வேலையில் சேர்ந்த பிறகும் எழுதிக் கேட்டேன். விசாரணையில் இருக்கிறது என்று பதில் வந்தது. மறுபடியும் கேட்டேன். மறுபடியும் விசாரணையில் இருந்தது. இப்போதும் கேட்கிறேன்.

டீச்சரானேன் என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை பஸ் வரவில்லை. ஐப்பசி மழையில் ஓடை நிரம்பி, வண்டியும் போகவில்லை. அரைப்பரீட்சை நெருங்கியது. தேவதானப்பட்டிக்காரர்கள் மறுபடி வந்து, நாள் குறிக்கலாமா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அன்றைக்குச் சாயங்காலம் நான் அப்பாவிடம், மெயின் ரோட்டுக்கு நடந்து போய் பஸ் ஏறுகிறேன் என்றேன்.

"கண்மாய்க் கரையில பொம்பளப் புள்ள தனியா நடந்து போனா ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு பஸ்ஸு விடுமாப்பா?"

அப்பா என் கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அந்தத் தாள்ல எழுதுன கையிதான உனக்கு. போ" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதன் பிறகு கல்யாணப் பேச்சை எடுக்கவில்லை.

பெண்பிள்ளைகள் நாலு பேரும் நடந்தோம். முதல் சில நாள் அம்மா புல்லறுக்கிற அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு கூடவே வந்தாள். கரையில் உட்கார்ந்து கேலி பேசிய ஆட்கள் அரிவாளைப் பார்த்ததும் மீன் பிடிக்கிற வேலையில் மும்முரமாகிவிட்டார்கள். ஆனால் மெயின் ரோட்டில் எங்கள் பாதை வந்து சேருகிற இடத்தில் பஸ் நிற்காது. ஸ்டாப் இன்னும் தள்ளி இருந்தது. கை காட்டினால் டிரைவர் முன்னால் பார்த்துக்கொண்டு போய்விடுவார். ஸ்டாப் வரைக்கும் ஓடி, பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது முதல் பீரியட் முடிந்திருக்கும்.

அரைப்பரீட்சை தொடங்கிய அன்றைக்கு முதலில் கணக்கு. தாமதமாகப் போனால் உள்ளே விடமாட்டார்கள். பஸ் தூரத்தில் வருவது தெரிந்ததும் நான் போய் ரோட்டின் நடுவில் நின்றேன். மற்ற மூன்று பேரும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஹாரன் அடித்தார்கள். நகரவில்லை. பயமாக இருந்தது, கண்ணை மூடவில்லை. பஸ் எங்கள் மேல் தூசி படுகிற தூரத்தில் வந்து நின்றது.

கண்டக்டர் குதித்து இறங்கினார். "ஏ புள்ளைகளா, சாகப் பாக்குறீகளா? இங்கன எவன் ஸ்டாப்பு போட்டது?"

"நாங்க போட்டோம்" என்றேன். "வேணும்னா உங்க ஆபீசுல நீங்க போட்டதா எழுதிக்கங்க."

ஏறி உட்கார்ந்து, சின்னமனூருக்கு நாலு டிக்கெட் கேட்டேன். கொடுத்தார்.